படித்து விளக்கிச் சொன்னவர்

தாராவி,
12.7.2024

அன்புள்ள பிரேமா அக்காவுக்கு,

ஹரிதா எழுதுகிறேன். சென்னையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? பெரியம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மழை விடவில்லை. எங்கள் சாலின் வரிசை வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து நேற்றுத்தான் வடிந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். இருக்கும் ஒரே அறையில் யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். அவர்கள் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கில் எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என்னோடு பத்தாம் வகுப்பில் படிக்கும் ஜோயாவின் முகவரி பின்னால் இருக்கிறது. அவளுடைய வாப்பா அப்துல் வாஹித் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குத் தினமும் தபால் வருவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்பாவின் டெம்போவுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து மே மாதம் ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. அப்பா வாங்கவில்லை. "கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் கேசு. வாங்கலேன்னா அவனால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் சாலில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தபால்காரரிடம், "ஆளு ஊருக்குப் போயாச்சுன்னு எழுதிக்கிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை மறுபடி ஒன்று வந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன், அக்கா. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. இப்போது என்னால்தான் கேஸ் ஆரம்பித்துவிட்டதோ என்று அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அப்பா ஐந்து தவணை கட்டவில்லையாம். ஒப்பந்தத்தின் இருபத்தொன்பதாம் பிரிவின்படி, வேங்கடசுப்ரமணியன் என்ற வக்கீலைக் கம்பெனி தனி நடுவராகப் போட்டிருக்கிறதாம். 26ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, சென்னைப் பாரிமுனையில் ஒரு மூன்றாம் மாடிக்கு அப்பா வர வேண்டுமாம். வராவிட்டால் அவர் இல்லாமலே முடிவு செய்வார்களாம்.

ஐந்து தவணை என்பது தவறு. அப்பா டெங்குவில் படுத்திருந்தபோது மூன்று தவணை நின்றது உண்மை. அடுத்த இரண்டையும் ஆண்டாப் ஹில்லில் கம்பெனி ஏஜெண்ட் மாரீஸ்வரனிடம் ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது இரண்டும் அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கின்றன.

உங்களுக்கு வக்கீல் ஆபீசில்தானே டைப்பிங் வேலை. நீங்கள் ஒரு நடை அந்த மாடிக்குப் போய், "இரண்டு தவணை கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது" என்று சொன்னால் போதாதா? டெம்போ போய்விட்டால் என் படிப்பும் போய்விடும். பத்தாம் வகுப்போடு பட்டறையில் பை தைக்கப் போகட்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஹரிதா

*

சென்னை,
24.7.2024

அன்புள்ள ஹரிதாவுக்கு,

ஆசிகள். நான் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

பயப்படாதே. நீ வாங்கியதால் கேஸ் வரவில்லை. வாங்க மறுத்த தபாலையும் வந்து சேர்ந்த தபாலாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உன் அப்பா முதல் தபாலைத் திருப்பி அனுப்பிய அன்றே கணக்குத் தொடங்கிவிட்டது.

நடுவர் என்றால், கோர்ட்டுக்குப் பதிலாகத் தகராறை விசாரிக்கும் ஒருவர். அவர் போடும் முடிவு கோர்ட் தீர்ப்பு மாதிரியே நடக்கும். சித்தப்பா கையால் ஒரு மனு எழுதி, ரசீது நகல்களை வைத்து, அந்த முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல். மும்பையிலிருந்து வர முடியாது, வேறு தேதி வேண்டும் என்று கேட்கட்டும்.

நான் நேரில் போவது சரிப்படாது. லீவு கிடைக்காது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரேமலதா

*

தாராவி,
5.8.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் 30ஆம் தேதி கிடைத்தது. 26 போய் நான்கு நாள் ஆகியிருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு ஊசி என்றதும் மனசு கஷ்டமாகிவிட்டது. அம்மா கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் நானாகவே மனத்துக்குள் விசாரித்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மனுவை நானே எழுதி, அப்பா மாதிரி தமிழில் கையெழுத்துப் போட்டு, ரசீதுகளை ஜெராக்ஸ் எடுத்து, மாட்டுங்கா தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் செய்தேன். இது குற்றமா?

ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தெரிந்தால் நீங்களே கோபப்படுவீர்கள். 2022இல் அந்த மாரீஸ்வரன் வீட்டுக்கே வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் என்பதால் அப்பாவுக்கு அவரிடம் அப்படி ஒரு நம்பிக்கை. நாற்பது பக்கக் கட்டு. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். "என்னவே, சொத்த எழுதி வாங்குத மாதிரி இத்தன பக்கம்?" என்று அப்பா கேட்டார். "அண்ணாச்சி, ரிசர்வ் பேங்கு ரூலு. நானே முழுசா வாசிச்சதில்ல" என்று சிரித்தார். யாரும் எதையும் வாசிக்கவில்லை.

இப்போது மாரீஸ்வரன் அந்தக் கம்பெனியில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

அக்கா, அடுத்து என்ன நடக்கும்? தெருவில் காக்கிச் சட்டை எதைப் பார்த்தாலும் தபால்காரர் என்று தோன்றுகிறது.

ஹரிதா

*

சென்னை,
20.8.2024

அன்புள்ள ஹரிதா,

நலம். நலமறிய ஆவல். அம்மா பரவாயில்லை.

உன் கவர் வந்து சேர்ந்தது. ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. தாமதிக்காதே. சில நாளைக்கு டெம்போவைத் தெருவில் விடாமல் வேறு எங்காவது நிறுத்த முடியுமா என்று பார்க்கச் சொல்.

பிரேமலதா

*

தாராவி,
15.9.2024

அன்புள்ள பிரேமா அக்காவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

டெம்போ போய்விட்டது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, தொண்ணூறடி ரோட்டில். நான் பள்ளிக்குக் கிளம்பி நின்றேன். அப்பா கோபர்கைரனேக்குப் போக வேண்டிய பைகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். ஒருவன் சாவியை உருவிக்கொண்டான். அவர்களில் ஒருவர் தமிழ்.

"ஆர்டர் இருக்கு அண்ணாச்சி. கோஆப்பரேட் பண்ணுங்க."

"என்ன ஆர்டரு? கோர்ட்டு ஆர்டரா?"

"கோர்ட்டு மாதிரிதான். நடுவர் ஆர்டர்."

"எந்த நடுவரு? நான் யாருக்கிட்டயும் போயி நிக்கலியேப்பா!"

"நீங்க போயி நிக்கலன்னுதான் ஆர்டர் ஆயிருக்கு."

அம்மா வாளியோடு ஓடி வந்தாள். "காலங்காத்தால பல்லுகூட வெளக்காம வந்துட்டீயளாக்கும்! அடுத்தவன் வண்டிமேல அம்புட்டு ஆசை!" என்று சத்தம் போட்டாள். கூட்டம் கூடியது. பக்கத்துக் கடைக்காரர் இந்தியில், "ஜானே தோ பாபி, காகஜ் ஹை இன்கே பாஸ்" என்றார். விட்டுவிடு, இவர்களிடம் காகிதம் இருக்கிறது என்றதும் கூட்டம் விலகிவிட்டது. பைகளை இறக்கிக்கொள்ள மட்டும் விட்டார்கள். அப்பா நூற்றிருபது பைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து நடைபாதையில் அடுக்கினார். அவசரப்படவே இல்லை. கடைசிப் பை இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். தபால் வாங்கியது, மனு போட்டது எல்லாம். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். "எங்கிட்ட சொல்லிருந்தா மட்டும் நான் என்னத்தச் செஞ்சிருப்பேன்" என்றார். அடித்திருந்தால் தேவலை.

உங்களிடமும் ஒன்று மறைத்தேன். யாரும் வாசிக்கவில்லை என்று எழுதினேன் இல்லையா? பொய். அன்று மாரீஸ்வரன், "பாப்பா இங்கிலீசு வாசிக்குமா?" என்று கேட்டார். "எம் மவ எல்லாம் வாசிப்பா" என்று அப்பா அந்த நாற்பது பக்கக் கட்டை என் மடியில் வைத்தார். எனக்குப் பதின்மூன்று வயது. முதல் பக்கம் வாசித்தேன். அப்பா பெயர், வண்டி நம்பர், தொகை. இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாம் சரியா இருக்குப்பா" என்றேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். "கடன் வாங்குபவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கிச் சொன்னவர்" என்று இங்கிலீஷில் இருந்தது. மாரீஸ்வரன் அங்கே என்னைப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாகப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். எனக்கும் ஒரு முழுக் கிளாஸ்.

பள்ளியில் பாடம் ஏறவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். கவர் வந்து சேர்ந்தது, கோப்பில் இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வண்டியை ஒளித்து வைக்கவும் சொன்னீர்கள். அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹரிதா

*

சென்னை,
21.10.2024

அன்புள்ள ஹரிதா,

ஒரு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள். நான் சுகம்தான். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

நீ போட்ட கையெழுத்தை நினைத்து உன்னையே அரித்துக்கொள்ளாதே. பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையெழுத்து செல்லாது என்று வாதாடலாம். நியாயமான வாதம். வாதாட ஒருவர் சென்னைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. இந்த நடுவர் சட்டத்தைத் திருத்த டெல்லியில் ஒரு வரைவு போட்டிருக்கிறார்கள். நவம்பர் 3ஆம் தேதிக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். கடன் வாங்கும் சாதாரண ஆட்களைப் பற்றி அதில் தனியாக எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதைத்தான் எழுத வேண்டும்.

கம்பெனிகள் சொல்வதையும் தெரிந்துகொண்டு எழுது. கோர்ட்டில் வழக்குகள் மலையாகக் கிடக்கின்றன. ஒரு டெம்போக் கடனுக்குப் பத்து வருஷம் அலைய முடியாது. இந்த நடுவர் பிரிவு இல்லையென்றால் உன் அப்பா மாதிரி ஆட்களுக்குக் கடனே கிடைக்காது, கிடைத்தாலும் வட்டி ஏறும் என்கிறார்கள். அது முழுப் பொய் இல்லை. எதிர்த்துப் பேசுகிறவர்கள், தகராறு வந்த பிறகு இருவரும் சம்மதித்தால் நடுவரிடம் போகட்டும், கடன் கேட்டு நிற்கும் நாளிலேயே அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதமே இல்லை என்கிறார்கள். ஒரு தரப்பே நடுவரைப் போடுவது சரியல்ல என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லவும் ஒரு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதி உடனே ஸ்பீடு போஸ்டில் எனக்கு அனுப்பு. நான் இங்கிலீஷில் டைப் செய்து மெயிலில் அனுப்பிவிடுகிறேன்.

பிரேமலதா

*

தாராவி,
27.10.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நேற்று இரவே எழுதிவிட்டேன். இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. நீங்களாவது புதுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. முதலில் இதை அனுப்புங்கள்.

டெல்லியில் உள்ள ஐயாவுக்கு. என் பெயர் பே. ஹரிதா. வயது பதினைந்து. என் அப்பா பேச்சிராஜா டெம்போ ஓட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் தாராவியில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால் சங்கத்தில் உட்காருவார்கள். இவர் பக்கம் ஓர் ஆள், அவர் பக்கம் ஓர் ஆள், இருவருக்கும் பொதுவாக ஓர் ஆள். ஒருவர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். எங்கள் சங்கத்தில் படித்தவர்கள் குறைவு. அவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. சென்னை நடுவர் வேங்கடசுப்ரமணியன் ஐயாவைக் கம்பெனி போட்டது. அவருக்குச் சம்பளமும் கம்பெனிதான் கொடுக்கும் போலிருக்கிறது. அப்பா ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. இரண்டு ரசீது அனுப்பினோம். அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நாங்கள் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அப்பா மூன்று தவணை பாக்கி என்று ஒத்துக்கொள்கிறார். ஐந்து இல்லை என்று சொல்ல, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஓர் இடம் வேண்டும். அங்கே எங்கள் மொழி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. இப்படிக்கு, பே. ஹரிதா, பத்தாம் வகுப்பு.

இதில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் எடுக்க வேண்டாம். பெயர் இல்லாவிட்டால் கதை என்று நினைப்பார்கள்.

ஹரிதா

*

சென்னை,
12.11.2024

அன்புள்ள ஹரிதா,

நலம். உன் கடிதம் 1ஆம் தேதி கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். அனுப்பிவிட்டேன். பதில் வர நாளாகும்.

பரீட்சைக்குப் படி.

பிரேமலதா

*

தாராவி,
2.12.2024

அன்புள்ள பிரேமா அக்காவுக்கு,

பெரியம்மாவும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே அம்மாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இப்போது தேவலை.

தீர்ப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கினார். "வாசி தாயி" என்று என்னிடம் நீட்டினார். அம்மா போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். எதிர்மனுதாரர் நோட்டீசைப் பெற்றும் ஆஜராகவில்லை. எதிர்மனுதாரர் எந்த ஆவணமும் தாக்கல் செய்யவில்லை. ஐந்து தவணை, வட்டி, அபராத வட்டி, நடுவர் கட்டணம், வண்டியைப் பிடித்த செலவு. வண்டியை விற்றது போக இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் பாக்கி.

"அப்பொ நம்ம ரசீது?" என்று அப்பா கேட்டார்.

"ஆவணம் எதுவும் வரலன்னு போட்டிருக்குப்பா."

"நீ அனுப்புனல்லா?"

"அனுப்புனேன்."

அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. ஒப்பந்தத்தின் விதிகள் எதிர்மனுதாரருக்கு அவருடைய மகள் ஹரிதாவால் தமிழில் படித்து விளக்கிச் சொல்லப்பட்டுள்ளன. ஆகவே தெரியாது என்று அவர் சொல்ல இடமில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அப்பா, "நடுவுல ஒண்ண விட்டுட்ட" என்றார். என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சொன்னேன். அப்பா தாளை வாங்கி மடித்தார். பிறகு, "அன்னைக்கு நீ நல்லாத்தான் வாசிச்ச" என்றார்.

அக்கா, டெல்லியிலிருந்து ஏதாவது பதில் வந்ததா? அதில் எங்கள் பெயர் இருப்பதால் அவர்கள் ஒரு வார்த்தை விசாரித்தால்கூடப் போதும். அதை ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஹரிதா

*

சென்னை,
22.12.2024

ஹரிதா,

நலம் விசாரித்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

டெல்லியிலிருந்து பதில் வராது. நான் அனுப்பவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். அந்த மூன்றாம் மாடியில்தான் எனக்கு வேலை. இரண்டு வருஷமாக. நீ ஜூலையில் எழுதிய முதல் கடிதத்தில் எங்கள் நடுவர் சாரின் பெயரைப் பார்த்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு வாரம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்தில் உங்கள் தேதி போய்விட்டது.

இரண்டு அறை, ஒரு பிரிண்டர். மாதத்துக்கு இருநூறு தீர்ப்பு போகும். ஒரே படிவம்தான். பெயர், வண்டி நம்பர், தொகை மூன்றையும் நான் மாற்றுவேன். சார் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவார். கெட்டவர் இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். விசாரணைக்கு யாரும் வருவதில்லை. இந்த இரண்டு வருஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

உன் கவரைப் பிரித்துக் கோப்பில் சேர்த்ததும் நான்தான். "எதிர்மனுதாரர் எந்த ஆவணமும் தாக்கல் செய்யவில்லை" என்பது படிவத்தில் மாறாத வரி. சித்தப்பாவின் தீர்ப்பில் அதை எடுத்துவிட்டு, இரண்டு ரசீது வந்திருப்பதாக அடித்து வைத்தேன். சார் திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது, ஃபார்மட்டக் கெடுக்காதே" என்றார். கோபப்படக்கூட இல்லை. பழைய வரியை மறுபடி சேர்த்து அடித்துக் கொடுத்தேன். உன் பெயர் வரும் வரியையும் நான்தான் அடித்தேன்.

கருத்தை இங்கிலீஷில் அடித்து முடித்தேன். அதில் சார் பெயர் இருந்தது. பெயரை எடுத்தால் நீ சொன்ன மாதிரி கதையாகிவிடும். வைத்தால் யார் அனுப்பியது என்று ஒரு நாளில் தெரிந்துவிடும். அம்மாவின் ஊசிக்கு என் சம்பளம்தான். 3ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி வரை அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

தீர்ப்பை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மனு போடலாம். சென்னையில்தான் போட வேண்டும். வக்கீல் ஃபீஸ் நாற்பதாயிரத்துக்குக் குறையாது. இதை எழுதாமல் இருந்தால் அதுவும் ஒரு மறைப்பு என்பதால் எழுதுகிறேன்.

பிரேமலதா

*

தாராவி,
16.2.2025

பிரேமா அக்காவுக்கு,

பெரியம்மாவுக்குக் காலில் புண் என்று அம்மா சொன்னாள். ஆறிவிட்டதா? நாங்கள் இருக்கிறோம். அப்பா கோபர்கைரனேயில் ஒரு சேட்டின் டெம்போவை ஓட்டுகிறார். காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு பத்துக்கு வருகிறார்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். ஜோயாவிடம் மட்டும் சொன்னேன். "உங்க அக்கா அடிக்கலேன்னா வேற யாராச்சும் அடிச்சிருப்பாங்க" என்றாள். அது சமாதானமாக இல்லை. அதனால்தான் இரண்டு மாதம் எழுதவில்லை. சென்னையில் மனு போட நாற்பதாயிரத்துக்கு நாங்கள் எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் கார்டு, கையில் டேப்லெட். பாக்கித் தொகையைக் குறைத்து, முப்பது தவணையாகக் கட்டிக்கொள்ளலாம், அதற்குப் புது ஒப்பந்தம் என்றான். இருபத்திரண்டு பக்கக் கட்டு. அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஒரு எழுத்து விடாம வாசி" என்றார். இரண்டு மணி நேரம் வாசித்தேன். தெரியாத சொல்லுக்கு ஜோயாவின் அண்ணன் பைசானுடைய போனில் அர்த்தம் பார்த்தேன். பையன் மூன்று தடவை மணி பார்த்தான். பத்தொன்பதாம் பக்கத்தில் அது இருந்தது.

"அப்பா, தகராறு வந்தா கம்பெனி சொல்ற மையம் ஒருத்தர நடுவராப் போடும். எடம் சென்னை. நாம இங்க கோர்ட்டுக்குப் போக மாட்டோம்னு ஒத்துக்கிடுதோம்னு போட்டிருக்கு."

அப்பா அந்தப் பையனிடம், "தம்பி, எல்லாம் சரி. இத ஒண்ண மட்டும் பேனாவால அடிச்சிட்டுக் குடுங்க. மத்த எல்லாத்துக்கும் போடுதேன்" என்றார்.

பையன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "அங்கிள், இது சிஸ்டத்துலேர்ந்து வர்றது. நான் அடிச்சா அப்லோடே ஆகாது. எல்லாருக்கும் இதுதான்."

"வேற கம்பெனியில?"

"அங்கேயும் இதுதான் அங்கிள். நான் மூணு கம்பெனி பார்த்துட்டேன்."

அம்மா, "போடலேன்னா என்ன செய்வீய?" என்று கேட்டாள்.

"முழுத் தொகையையும் வசூல் பண்ண கோர்ட்டுல எக்ஸிகியூஷன் போடுவாங்க ஆன்ட்டி. இந்த மாசமே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். இதில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்ன தப்பு என்று தெரியும். சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது என்றுகூடத் தெரியும். கட்டை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எங்க போடணும்?" என்று அப்பா கேட்டார்.

பதினான்கு இடத்தில் போட்டார். கடைசிப் பக்கத்தைப் பையன் என் பக்கம் திருப்பினான். இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் இருந்தது பொய் இல்லை. எல்லாவற்றையும் படித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவுக்கு எல்லாம் விளங்கியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பரீட்சை அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஹரிதா